நிலத்தை விற்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

கல்விச் சாளரம்



மேலப்பாளையத்திலிருந்து தந்தையொருவர் நான்கு பக்கங்களில் மடல் வரைந்துள்ளார். அவருடைய மகளார் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று, தனியார் மேல்நிலைப் பள்ளியொன்றில் ஆறாண்டுகள் ஆசிரியையாகப் பணியாற்றியவர். மருமகன் தம்மாமில் வேலை பார்க்கிறார். நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மகளார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றுக்கு விண்ணப்பித்து, இரண்டிடமிருந்து அனுமதிக் கடிதம் பெற்றிருக்கிறார். ஒன்று அங்கேயே சென்று தங்கிப் படிப்பது. மற்றொன்று வீட்டிலிருந்தபடியே கணினி வழியாகப் படிப்பது. படிப்பின் பெயர் 'இன்ஸ்டிரக்‌ஷனல் டிசைன் அண்டு டெக்னாலஜி'. "இது ஆசிரியர் படிப்பா, கம்ப்யூட்டர் படிப்பா என்றே எங்களுக்கு விளங்கவில்லை. எட்டு சென்ட் நிலம் ஒன்று இருக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நிலத்தை விற்று அனுப்பலாமா? மருமகன் சம்மதித்துவிட்டார், என் மனைவிதான் தயங்குகிறாள்" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குத் தனியாகப் பதில் எழுதிவிடலாம். எனினும் மேற்படிப்புக்குப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்ப எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே பெருகிவிட்ட காலம் இது. படிப்பின் பெயரைத் தவிர வேறொன்றும் தெரியாமலேயே லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. ஆகவே இம்மாதச் சாளரத்தை இந்த ஒரு மடலுக்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அந்தப் பெரியவரின் முதல் கேள்வி. இது ஆசிரியர் படிப்பும் அன்று. கம்ப்யூட்டர் படிப்பும் அன்று. ஒருவர் ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்ல வேண்டும், எங்கே பயிற்சி தர வேண்டும், கற்றுக்கொண்டுவிட்டார் என்பதை எவ்வாறு அறிவது என்பவற்றை ஆராய்ந்து, பாடத்தைத் திட்டமிட்டு உருவாக்கும் கலை இது. 'பயிற்றுவிப்பு வடிவமைப்பு' என்று தமிழில் சொல்லலாம். பாடம் நடத்துபவர் வேறொருவராக இருக்கலாம். புத்தகமாகவோ, படமாகவோ, கணினித் திரையாகவோகூட இருக்கலாம். கட்டடத்துக்கு வரைபடம் போடுபவருக்கும் கொத்தனாருக்கும் உள்ள உறவு போன்றது.

இக்கலை பிறந்த இடம் பள்ளிக்கூடம் அன்று, போர்க்களம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைகளில் சேர்ந்த லட்சக்கணக்கான இளைஞர்களுக்கு விமானம் ஓட்டவும் இயந்திரம் பழுது பார்க்கவும் விரைந்து கற்றுத்தர வேண்டியிருந்தது. அதற்காக உளவியல் அறிஞர்களை அழைத்தார்கள். அவ்வாறு விமானப் படைப் பணிக்குச் சென்றவர்களுள் ஒருவர் ராபர்ட் கான்யே. பிற்காலத்தில் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். கற்றலின் நிலைமைகளைப் பற்றி 1965இல் அவர் வெளியிட்ட நூல்தான் இத்துறைக்கு அடித்தளம். அதே பல்கலைக்கழகம் 1975இல் அமெரிக்கப் படைகளுக்காக ஒரு பயிற்சித் திட்ட முறையை வகுத்துத் தந்தது. ஆராய்தல், வடிவமைத்தல், உருவாக்குதல், செயற்படுத்துதல், மதிப்பிடுதல் என்று அதன் வழியே உருவான ஐந்து படிகளையே இன்று 'ஆடி' என்ற சுருக்கப் பெயரால் உலகமெங்கும் படிக்கிறார்கள். அங்கு பணியாற்றிய வால்டர் டிக், லூ கேரி என்பவருடன் சேர்ந்து 1978இல் எழுதிய பாடநூல் பல பதிப்புகள் கண்டு இன்றும் வகுப்பறைகளில் வழங்குகிறது.

கான்யே சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் நமக்குப் பழக்கமான உதாரணத்தால் விளக்கிவிடுகிறேன். மத்ரஸாவில் அரபு எழுத்துக்களைத் தனித்தனியே பிழையின்றிச் சொல்லும் பிள்ளை, அவை சேர்ந்து ஒரு சொல்லாக வரும்போது திகைத்து நிற்பதை ஓதிக்கொடுப்பவர் யாவரும் கண்டிருப்போம். பிள்ளைக்கு மறதி என்று சிலர் கடிந்துகொள்வார்கள். மறதி அன்று. சொல்லின் முதலிலும் இடையிலும் கடைசியிலும் எழுத்தின் வடிவம் மாறுகிறது. அம்மாற்றம் தனிப்பாடமாகக் கற்றுத்தரப்படவில்லை. ஒரு படி விடுபட்டிருக்கிறது. மேலே உள்ள ஒரு திறமைக்குக் கீழே என்னென்ன சிறு திறமைகள் படிகளாக அமைந்திருக்கின்றன என்று பிரித்துக் காட்டி, விடுபட்ட படியைக் கண்டுபிடிக்கச் சொன்னார் கான்யே. தலைமுறை தலைமுறையாக நல்ல உஸ்தாதுகள் அனுபவத்தால் செய்துவந்ததை அவர் முறைப்படுத்தி ஒரு கல்வியாக்கினார் எனலாம். ஆறாண்டுகள் வகுப்பறையில் நின்ற ஓர் ஆசிரியைக்கு இது புரியாத விஷயம் அன்று. அவ்வகையில் மகளார் தமக்குப் பொருத்தமான துறையையே தேடிக்கொண்டிருக்கிறார்.

இனி, சிக்கல் தொடங்குமிடத்துக்கு வருவோம். இத்துறைக்கு அமெரிக்காவில் ஒரு பெயர் இல்லை. இண்டியானா பல்கலைக்கழகத்தில் 'இன்ஸ்டிரக்‌ஷனல் சிஸ்டம்ஸ் டெக்னாலஜி' என்பார்கள். சிராக்யூஸில் 'இன்ஸ்டிரக்‌ஷனல் டிசைன், டெவலப்மெண்ட் அண்டு இவாலுவேஷன்'. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 'இன்ஸ்டிரக்‌ஷனல் டெக்னாலஜி அண்டு லேர்னிங் சயின்ஸஸ்'. பர்டூவிலும் ஜார்ஜியாவிலும் ஸ்டான்ஃபோர்டிலும் 'லேர்னிங், டிசைன், டெக்னாலஜி' என்ற மூன்று சொற்களும் பெயரில் வரும்; ஆனால் மூன்று இடங்களிலும் படிப்பு ஒன்றன்று. பட்டமும் அவ்வாறே: ஓரிடத்தில் எம்.எஸ்., ஓரிடத்தில் எம்.ஏ., மற்றோரிடத்தில் எம்.எட்.

இந்த எம்.எட். என்ற சொல்லில் நம்மவர் ஏமாந்துவிடக் கூடாது. நம் நாட்டில் எம்.எட். என்பது பி.எட். முடித்தவர்கள் ஆசிரியர் கல்வித் துறைக்குச் செல்வதற்கான படி. அமெரிக்கப் பல்கலைக்கழகம் தரும் எம்.எட். பட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அது பி.எட்.டுக்கும் ஈடாகாது, இங்குள்ள எம்.எட்.டுக்குத் தானாகவே சமமாகவும் ஆகிவிடாது. வெளிநாட்டுப் பட்டங்களுக்குச் சமநிலை வழங்குவது குறித்துப் பல்கலைக்கழக மானியக் குழு 2025இல் புதிய விதிமுறைகளை வெளியிட்டுள்ளது. ஊர் திரும்பிக் கல்லூரியில் பணியாற்ற எண்ணுவோர், சேருமுன்பே அவ்விதிகளைப் படித்து, தாம் படிக்கவிருக்கும் முறை, குறிப்பாக ஆன்லைன் முறை, அவற்றுள் அடங்குகிறதா என்று எழுத்து மூலமாகக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். பட்டம் கைக்கு வந்த பிறகு அலைவதில் பயனில்லை.

பெயர்களை ஒதுக்கிவிட்டு உள்ளே நோக்கினால், பெரும்பாலான படிப்புகள் மூன்று பாதைகளில் ஒன்றைச் சார்ந்திருப்பதைக் காணலாம். முதல் பாதை அந்நாட்டுப் பள்ளிக்கூடங்களை நோக்கியது. அங்கே ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர் வகுப்பறையில் கணினியை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே அதன் மையம். பல மாநிலங்களில் அது ஆசிரியர் உரிமத்தோடு பிணைந்தது. வெளிநாட்டிலிருந்து செல்லும் நம் பெண்ணுக்கு அந்த உரிமத்தால் பயன் மிகக் குறைவு. இரண்டாவது, நிறுவனங்களை நோக்கியது: மருத்துவமனை, வங்கி, தொழிற்சாலை, இராணுவம், பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பிரிவு ஆகியவற்றில் பணியாளருக்கும் மாணவருக்கும் பாடங்களை உருவாக்கித் தரும் வேலை. மூன்றாவது, ஆய்வை நோக்கியது: மனிதர் எவ்வாறு கற்கின்றனர் என்பதை ஆராய்ந்து பிஎச்.டி. வரை செல்வது.

இரண்டாம் பாதையைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு பெரிதும் அங்கேதான் இருக்கிறது. பாய்ஸி மாநிலப் பல்கலைக்கழகத்தில் இவ்வகைப் படிப்பொன்று கல்வியியல் கல்லூரியில் அல்லாமல் பொறியியல் கல்லூரிக்குள் நெடுங்காலம் இயங்கியது. காரணமின்றி அன்று. ஒரு நிறுவனத்தில் வேலை சரியாக நடக்கவில்லையென்றால், "பயிற்சி கொடுங்கள்" என்றுதான் மேலதிகாரி சொல்வார். உண்மையில் பயிற்சிக் குறைவுதான் காரணமா என்று முதலில் ஆராய வேண்டும் என்பது இப்பாதையின் முதல் பாடம். வங்கி ஊழியர் ஒரு படிவத்தைத் திரும்பத் திரும்பத் தவறாக நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தெரியாமல் செய்கிறாரா? படிவமே குழப்பமாக அச்சிடப்பட்டிருக்கிறதா? சரியாக நிரப்புபவருக்கு மட்டும் கூடுதல் வேலை வந்து சேருகிறதா? பின்னிரண்டும் காரணமென்றால் எத்தனை நாள் வகுப்பு நடத்தினாலும் பயனில்லை. ராபர்ட் மேஜரும் பீட்டர் பைப்பும் 1970இலேயே இதற்கென ஒரு சிறு நூல் எழுதினார்கள். எந்தப் படிப்பில் இந்த ஆராய்ச்சிக்கென்று தனியொரு பாடம் இருக்கிறதோ, அந்தப் படிப்பை நான் ஒருபடி மேலாக மதிப்பேன்.

எந்தப் படிப்பின் விளம்பரத்தில் மென்பொருள்களின் பெயர்கள் வரிசையாக அணிவகுத்து நிற்கின்றனவோ, அதைக் கண்டு சற்று அஞ்சுவேன். மகளார் தம் தந்தைக்கு விளக்கும்போது இந்த மென்பொருள் பட்டியலையே பெருமையாகக் காட்டியதாகக் கடிதத்தில் இருக்கிறது. ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன். 1990களில் 'ஆதர்வேர்' என்றொரு மென்பொருள் இத்துறையில் கோலோச்சியது. அதில் தேர்ந்தவர் என்றாலே வேலை நிச்சயம். 2007இல் அதன் வளர்ச்சியை அடோபி நிறுவனம் நிறுத்திவிட்டது. அடுத்து 'ஃபிளாஷ்' வந்தது. இணையத்தில் அசையும் பாடங்கள் பெரும்பாலும் அதில்தான் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு அதன் ஆயுளும் முடிந்தது. அம்மென்பொருள்களை மட்டுமே படித்தவர்கள் மறுபடி முதல் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று. பாடத்தைப் பிரித்தாராயக் கற்றவர்களோ புதிய மென்பொருளைச் சில வாரங்களில் கைவசப்படுத்திக்கொண்டு தங்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர் நிலைமை மேலும் மாறியிருக்கிறது. கேள்வித்தாள் தயாரிப்பதும், பாடக் குறிப்பு எழுதுவதும், படக்காட்சி செய்வதும் சில நொடிகளில் முடிகின்றன. அவ்வாறு வந்ததில் எது இந்த மாணவருக்குப் பொருந்தும், எது தவறு, எது தேவையே இல்லை என்று சொல்லக்கூடியவருக்கே இனி ஊதியம்.

இத்துறைக்குள்ளேயே இதைப் பற்றிப் புகழ்பெற்ற ஒரு வழக்காடல் உண்டு. தென் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு கிளார்க் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். மளிகைச் சாமான் ஏற்றிவரும் லாரியால் உணவின் சத்து கூடுவதில்லை. அதுபோலத்தான் பாடத்தை ஏற்றிவரும் கருவியாலும் கற்றல் கூடுவதில்லை, பாடத்தின் அமைப்பால்தான் கூடும் என்பது அவர் வாதம். 1991இல் ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தெழுதினார். கருவிக்கும் அதற்கேயுரிய ஆற்றல் உண்டு. அசையும் படம் காட்டுவதை அச்செழுத்து காட்ட இயலாது என்றார். இருவரில் யார் சரி என்பது இங்கு நமக்குத் தேவையில்லை. (நான் பெரும்பாலும் கிளார்க் பக்கம்.) அனுமதி கிடைத்த துறையின் பேராசிரியருக்கு மகளார் ஒரு மின்னஞ்சல் எழுதி, இந்த விவாதத்தை எந்தப் பாடத்தில் கற்பிக்கிறீர்கள் என்று கேட்கட்டும். வரும் பதிலின் தரத்திலிருந்தே அத்துறையின் தரம் ஓரளவு விளங்கிவிடும்.

அதைவிட நல்ல சோதனை ஒன்றும் உண்டு. பெரும்பாலான முதுகலைப் படிப்புகளின் முடிவில் ஆய்வேட்டுக்குப் பதிலாக, மாணவர் தாம் உருவாக்கிய பாடங்களைத் தொகுத்து ஒப்படைக்கிறார்கள். அத்தகைய தொகுப்புகள் பல இணையத்தில் எவரும் பார்க்கும்படி கிடைக்கின்றன. சென்ற இரண்டாண்டுகளில் அத்துறையில் பட்டம் பெற்றவர்களின் தொகுப்புகள் நான்கைந்தைப் பார்க்க வேண்டும். அழகாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டாம். யாருக்காகச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும். உண்மையான ஒரு மருத்துவமனைக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, பல்கலைக்கழகத்துக்கோ செய்து கொடுத்து, கற்றவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்று கண்டு, பின்பு திருத்தியிருக்கிறார்களா? அப்படியானால் அது நல்ல துறை. எல்லாமே கற்பனை நிறுவனத்துக்கான கற்பனைப் பாடங்கள் என்றால், அவ்வளவு பணம் கொடுத்துப் படிக்க அங்கே என்ன இருக்கிறது?

பிஎச்.டி. எண்ணம் உள்ளவர்கள் மட்டும் ஆய்வேடு எழுத வாய்ப்பிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளட்டும். பல்கலைக்கழகத்துக்கு அங்குள்ள அரசுக் கல்வித் துறை ஒப்புக்கொண்ட அமைப்பின் தர ஏற்பு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்போது அந்த இரண்டு கடிதங்கள். வீட்டிலிருந்து படிப்பதா, சென்று படிப்பதா?

ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். ஆன்லைன் படிப்பில் சேர்ந்தால் அமெரிக்க மாணவர் விசா கிடைக்காது. எஃப்-1 விசாவில் சென்று படிப்பவருக்குங்கூட, முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஓர் ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். ஆகவே "முதலில் ஆன்லைனில் சேர்ந்துவிட்டால் பிறகு விசா எளிது" என்று எந்த ஏஜெண்டாவது சொன்னால், அவரிடம் மேலும் பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் சென்று படிப்பதன் பெரும் பயன், படிப்பு முடிந்ததும் அங்கேயே 12 மாதங்கள் துறை சார்ந்த பணியில் ஈடுபட அனுமதி கிடைப்பது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. அமெரிக்க அரசு ஒவ்வொரு படிப்புக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது. 13.0501 என்ற எண்ணில் வரும் கல்வித் தொழில்நுட்பப் படிப்பு அறிவியல் - தொழில்நுட்பப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆகவே அதைப் படித்தவர், உரிய தகுதிகளுடைய நிறுவனத்தில் பணி கிடைத்தால், மேலும் 24 மாதங்கள் கோரலாம். ஏறத்தாழ இதே பாடங்களை நடத்தும் வேறொரு பல்கலைக்கழகம் தன் படிப்பை 13.0301 என்ற பாடத்திட்டப் பிரிவில் பதிந்திருக்கக்கூடும். அதைப் படித்தவருக்கு இந்த நீட்டிப்பு இல்லை. பெயரில் தெரியாத இந்த வேறுபாடு, பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 படிவத்தில் எண்ணாக இருக்கும். மகளார் அதைக் கேட்டுப் பெற வேண்டும்.

இவையெல்லாம் அரசின் மனநிலைக்கேற்ப மாறக்கூடிய விதிகள் என்பதையும் மறக்கலாகாது. 2025 மே இறுதியிலிருந்து சில வாரங்கள் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாக நாள் ஒதுக்குவதையே நிறுத்தி வைத்தார்கள். ஜூன் மாதத்தில் மறுபடி தொடங்கியபோது, விண்ணப்பிப்போரின் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்வையிடும் கெடுபிடியும் உடன் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படும் ஹெச்-1பி பணியாளருக்காக 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். படித்து முடித்ததும் அங்கேயே வேலை, அவ்வேலையால் நிலத்தை மீண்டும் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இச்செய்திகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

குடும்பத்தைப் பற்றியும் அந்தத் தந்தை எதுவும் கேட்கவில்லை; ஆனால் அவருடைய துணைவியாரின் தயக்கம் அங்கேதான் இருக்கும் என்று எண்ணுகிறேன். மகளாரோடு கணவரும் குழந்தையும் எஃப்-2 விசாவில் செல்லலாம். குழந்தை அங்கே பள்ளியில் படிக்கலாம். ஆனால் எஃப்-2வில் செல்லும் கணவர் எந்த வேலையும் பார்க்க இயலாது. தம்மாம் வேலையை விட்டுவிட்டு இரண்டாண்டுகள் ஊதியமின்றி இருப்பது ஒரு செலவு. இல்லையேல் தாய் ஒரு நாட்டிலும் தந்தை ஒரு நாட்டிலும் குழந்தை பாட்டியிடமும் என்று மூன்றாகப் பிரிவது மற்றொரு செலவு. உம்மாவின் தயக்கத்தைப் படிப்பறியாதவரின் அச்சம் என்று தள்ளிவிடாமல், குடும்பக் கணக்கில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கு இவ்வாறு போட வேண்டும். முதுகலைப் பட்டத்துக்குப் பொதுவாக 30 முதல் 36 கிரெடிட். ஒரு பாடம் 3 கிரெடிட். ஆக 10 முதல் 12 பாடங்கள். ஒரு கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 36 கிரெடிட்டுக்கு 18,000 டாலர். அதே பல்கலைக்கழகம் வெளிமாநிலத்தவருக்கு ஒரு கிரெடிட்டுக்கு 1,200 டாலர் என்றால் 43,200 டாலர். வெளிநாட்டு மாணவர் வெளிமாநிலக் கட்டணத்தில்தான் பொதுவாகச் சேர்க்கப்படுவார். சில பல்கலைக்கழகங்கள் ஆன்லைன் மாணவருக்கு மட்டும் எல்லோருக்கும் ஒரே கட்டணம் வைத்துள்ளன. நேரில் படிப்பவருக்கு வீட்டு வாடகை, உணவு, மருத்துவக் காப்பீடு ஆகியவையும் உண்டு. முதலாண்டுச் செலவு முழுவதற்கும் பணம் இருக்கிறது என்று ஆவணம் காட்டினால்தான் ஐ-20 வரும்.

வட்டிக் கடன் வேண்டாம் என்றிருப்பவருக்கு அங்கே திறந்திருக்கும் நேரான கதவு ஒன்றுதான். துறையிலோ, ஆசிரியர்களுக்குப் பாடம் வடிவமைத்துத் தரும் பல்கலைக்கழக அலுவலகத்திலோ உதவியாளர் பணி பெறுவது. முழு உதவியாளர் பணி கிடைத்தவருக்குப் பல இடங்களில் படிப்புக் கட்டணம் விலக்கப்படும். மாத உதவித் தொகையும் உண்டு. பிஎச்.டி. மாணவருக்கே முதலிடம் என்பதால் முதுகலை மாணவருக்கு இது அரிது; அரிதென்றாலும் இல்லாதது அன்று. ஆறாண்டு ஆசிரியப் பணியும் நல்ல ஆங்கிலமும் உடைய ஒருவர் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆன்லைன் மாணவருக்கு இவ்வுதவி பெரும்பாலும் கிடையாது.

உள்நாட்டை மறந்துவிட்டோமா என்று சிலர் கேட்கக்கூடும். திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மும்பையில் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்திலும் உண்டு. பெண்களுக்கு மட்டுமான பல்கலைக்கழகம் என்பதால் நம் குடும்பங்கள் கவனிக்கத்தக்கது. ஆய்வுக்குச் செல்வோருக்கு மும்பை ஐ.ஐ.டி. இருக்கிறது. கடல் கடந்துதான் செல்ல வேண்டுமென்றால், நம்மவர் தலைமுறைகளாகச் சென்று வரும் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் பயிற்றுவிப்புத் தொழில்நுட்பத்துக்கெனத் தனி மையம் நடத்துகிறது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கணினிப் பாடம் செய்து தரும் நிறுவனங்கள் பல உள்ளன. அவை பெரிதும் பார்ப்பது விண்ணப்பதாரர் செய்து காட்டும் மாதிரிப் பாடங்களையே. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதத் தெரிந்தவருக்கு அங்கு வாசல் அடைபட்டிருக்கவில்லை. ஊரிலிருந்து அல்லது சென்னையிலிருந்து வேலை பார்ப்பதே மகளாரின் நோக்கமென்றால், அமெரிக்க முதுகலைப் பட்டம் அதற்கு இன்றியமையாதது அன்று.

ஆகவே அந்தத் தந்தைக்கு என் கருத்து இது. உதவியாளர் பணி இல்லாமல், சொந்தப் பணத்தில் மட்டும் அங்கு சென்று படிப்பதற்காக நிலத்தை விற்க வேண்டாம். ஆன்லைன் முதுகலைக்கும் உடனே முழுத் தொகையைக் கட்ட வேண்டாம். பல பல்கலைக்கழகங்களில் நான்கைந்து பாடங்கள் கொண்ட சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது. அதில் பெற்ற கிரெடிட்டுகளைப் பின்னர் முதுகலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உள்ளன. அனுமதி தந்த அந்த ஆன்லைன் துறையிலேயே அவ்வாறு இருந்தால் முதலில் அதில் சேரட்டும். ஓராண்டில் இந்த வேலை தமக்குப் பிடிக்கிறதா என்பது தெரிந்துவிடும். கையில் இரண்டு மூன்று நல்ல மாதிரிப் பாடங்களும் இருக்கும். உதவியாளர் பணி மட்டும் கிடைத்துவிட்டால் கதை வேறு. அப்போது நிலத்தை விற்காமலேயே போகலாம். குடும்பம் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் பிரிவு ஒன்றுதான்.

மகளார் இவ்வாரமே இரண்டு துறைகளுக்கும் எழுதட்டும். நேரில் படிக்கும் துறைக்கு: உதவியாளர் பணிக்கு என்னைப் பரிசீலிக்க இயலுமா, சென்ற ஆண்டு சேர்ந்த முதுகலை மாணவருள் எத்தனை பேருக்குக் கிடைத்தது, படிப்பின் எண் 13.0501 தானா? ஆன்லைன் துறைக்கு: சான்றிதழ்ப் படிப்பு உண்டா, அதன் கிரெடிட் முதுகலையில் சேருமா, மாணவர்கள் உண்மையான நிறுவனங்களுக்குப் பாடம் செய்கிறார்களா, இந்திய நேரத்துக்கு நள்ளிரவில் நேரலை வகுப்பு எத்தனை நாள்? உடனே பதில் சொல் என்று பல்கலைக்கழகம் நெருக்கினால் பதற வேண்டாம். அங்குள்ள பல்கலைக்கழகங்களுட் பல ஒப்புக்கொண்டுள்ள ஏற்பாட்டின்படி, நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15ஆம் நாள் வரை பதில் சொல்லாமலிருக்க மாணவருக்கு உரிமை உண்டு.

பதில்கள் வந்ததும் அவற்றின் நகல்களை எனக்கு அனுப்பி வையுங்கள். அடுத்த இதழுக்குக் காத்திராமல், தபாலிலேயே என் கருத்தை எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.